அங்கே அவர் பெயர் கோபி

வஞ்சிரத்தைக் கொடுத்தால் லஞ்சம்போல் இருக்குமோ என்ற சந்தேகம், மூலக்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை சரிதாவை விடவில்லை. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் காலையிலேயே வாங்கி, ஐஸ் போட்டுப் பையில் கட்டியிருந்தாள். முதலில் நலம் விசாரிப்பது, பிறகு மீன், பிறகுதான் கையெழுத்து என்று வரிசைகூட வைத்திருந்தாள். கோபிநாத் கதவைத் திறந்ததும் வரிசை கலைந்து, கையெழுத்துதான் முதலில் வாயில் வந்தது.

கோபிநாத் அவள் கணவருக்குச் சின்னம்மா மகன். அப்பாவைப் பெற்ற தாத்தா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவன். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். விசா முடிந்தும் அங்கேயே தங்கிவிட்ட அந்த அண்ணனுக்கு, சட்டை இரவல் தருவதுபோல் தன் அடையாள அட்டையைத் தந்தவன் அவன்தான். சொந்தத்துக்குள் அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. ஓட்டல் அடுப்படியில் வெந்தது அண்ணன். சம்பளச் சீட்டிலெல்லாம் கோபிநாத். இப்போது வேலை அனுமதி கேட்டால், இத்தனை வருடம் உழைத்தது யார் என்று கேட்கிறார்கள். கோபிநாத் பெயரில் உழைத்தது அண்ணன்தான் என்று ஓட்டல்காரர் எழுதித் தந்துவிட்டார். மிச்சம் கோபிநாத்தின் கையெழுத்துதான். அனுமதி இல்லாமல் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. அப்பா சாவைக்கூட அவர் போனில்தான் பார்த்தார்.

சரிதா மேசைமேல் காகிதத்தையும் பக்கத்தில் மீன் பையையும் வைத்தாள்.

“இதுல கையெழுத்துப் போட்டா, கார்ட எதுக்குக் குடுத்தன்னு என்னப் புடிப்பாங்க அண்ணி,” என்றான் கோபிநாத். பிறகு சிரிக்கப் பார்த்தான். “அங்க அண்ணன்தான் கோபி. தெருவுல யாராவது கோபின்னு கூப்புட்டா நான் திரும்பறதுகூட இல்ல.”

அவன் அம்மா செல்வாம்பாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். “பெரியவன் பொழைக்கச் சின்னவன் கம்பி எண்ணணுமாடி?”

அதில் நியாயம் இருந்தது. அதுதான் சரிதாவுக்குக் கஷ்டம். உப்பளத்தில் அவள் படிக்கும் மாலை வகுப்பில், என் கணவரின் பெயர் இன்னது என்று பிரெஞ்சில் தடுமாறாமல் சொல்வாள். தமிழில் அந்தப் பெயரை அவள் சொன்னதே இல்லை, ‘ஏங்க’தான். பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாமனாரும் மாமியாரும் போய்விட்டார்கள். யோசித்துப் பார்த்தால், அந்தப் பெயரை இப்போது யாருமே கூப்பிடுவதில்லை.

“கமலக்கண்ணன்,” என்றாள். “அந்த அடுப்புல நின்னது கமலக்கண்ணன். அத மட்டும் எழுதுங்க தம்பி.”

செல்வாம்பாள் முகவாயில் கை வைத்துக்கொண்டாள். கோபிநாத் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். பையிலிருந்து ஐஸ் உருகி, மேசைமேல் ஒரு கோடாகக் காகிதத்தை நோக்கி ஓடியது. தண்ணீர் தொடுவதற்குள் அவன் சட்டென்று காகிதத்தை எடுத்துவிட்டான். எங்கே வைப்பது என்று தெரியாமல், அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.