பதினோரு சதவீதத்தில் ஆறு பேர்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் துறைமுக ஊரான கிறிஸ்தியான்சுன் நூலகத்தின் மாத இதழுக்கு ஒரு பக்கக் குறிப்பாகத் தொடங்கியது. தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: ‘புதிய மின்வாசிப்பான்: வாசகர்களின் முதல் அபிப்பிராயங்கள்’. திரொன்ஹைம் நகரத்தில் ஒரு சிறிய நிறுவனம் ‘லூன்’ என்று ஒரு கருவி செய்திருந்தது. கடைக்கு வருமுன் நம்மைப் போன்றவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம் என்று, நூலகத்தில் புதன்கிழமை கூடும் வாசிப்பு வட்டத்துக்கு ஆளுக்கொன்று கொடுத்தது. நான் போய் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கேட்டேன். சொன்னபடியே கீழே தருகிறேன்.

“பரவாயில்ல.”

“மோசமில்ல.”

“உறை நல்லா இருக்கு.”

“பரவாயில்லன்னுதான் சொல்லணும்.”

எங்கள் ஊரில் ‘மோசமில்லை’ என்பதற்கு மேல் பாராட்டு கிடையாது. போன குளிர்காலத்தில் படகுத்துறைக் கூரையைப் பிடுங்கிப்போன புயலைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். இதை வைத்து ஒரு பக்கம் நிரப்ப முடியாது. ஆகவே நூலகத்துக்கு வருத்தம் தெரிவித்து ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, நடக்காததை எழுத உட்கார்ந்தேன். இனி வரும் ஆட்கள் என் ஆட்கள். அபிப்பிராயங்கள் மட்டும் உண்மையானவை.

2

தொடக்கம், முதல் முயற்சி: “லூனைக் கையில் எடுத்தால் ஒரு மரப்பலகை போல, இல்லை, ஒரு பிஸ்கட் போல, அதாவது எடையே இல்லாத”

விட்டுவிட்டேன். பொருளை வருணிக்க ஆரம்பித்தால் விளம்பரமாகிறது.

இரண்டாம் முயற்சி: “ஹில்துருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள்.”

இதைப் பின்னால் வைத்திருக்க வேண்டும். நடுவில், நீங்கள் எதிர்பாராத இடத்தில். ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். இனி அடித்துப் பயனில்லை. இருக்கட்டும்.

3

ஹில்துரை முதலில் ஓய்வுபெற்ற ஆசிரியையாக எழுதினேன். வாசிப்பு வட்டம் தொடங்குகிற பெண் வேறு யாராக இருப்பாள்? இரண்டு பத்தி போவதற்குள் எல்லாரையும் திருத்த ஆரம்பித்துவிட்டாள். நீக்கினேன். இப்போது அவள் துறைமுகத்தில் உலர்மீன் தரம் பார்த்தவள். உப்பிட்டு உலர்த்திய காட் மீனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், ஒரு பார்வை, இது போர்ச்சுகலுக்கு, இது பிரேசிலுக்கு, இது நம் வீட்டுக்கு.

[கண்ணால் பிழைத்தவளுக்குக் கண் போவது எழுதுகிறவனுக்கு ரொம்ப வசதியான ஏற்பாடு என்று எனக்கும் தோன்றியது. ஒருமுறை அடித்தேன். அடித்தால் அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்தது. திரும்ப எழுதிவிட்டேன்.]

எதைப் பார்க்கிறாளோ அதன் நடுவில் புகை படிந்தாற்போல் இருக்கும். நடக்கலாம், காப்பி ஊற்றலாம். அச்செழுத்து மட்டும் கலைந்த எறும்பு வரிசையாகிவிடும். கடந்த சில மாதங்களாக அவள் வட்டத்தைச் சமாளித்த விதம் இது: மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, கடைசியில், “நான் அத வேற மாதிரி பார்த்தேன்” என்பாள். எல்லாரும் தலையாட்டுவார்கள். எந்த மாதிரி என்று யாரும் கேட்டதில்லை.

ஒலிநூல் கேட்கலாமே என்கிறீர்கள். கேட்கலாம், இலவசமாகவே தருகிறார்கள். அதற்கு முதலில் ஒரு மனிதரிடம் போய், “என்னால படிக்க முடியல” என்று சொல்ல வேண்டும். ஹில்துருக்கு அந்த வாக்கியம்தான் தொண்டையில் நிற்கிறது. அதைச் சொன்ன மறுநாளிலிருந்து ஊர் அவளைக் கையைப் பிடித்துச் சாலை கடத்தும் என்பது அவள் எண்ணம்.

லூனில் எழுத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரிதாக்கலாம் என்று நூலகத்தில் சொன்னபோது அவள்தான் முதலில் கை நீட்டினாள். இதுவும் கைவிட்டால் வட்டத்திலிருந்து விலகுவது, தோட்ட வேலை அதிகம் என்று காரணம் சொல்வது என்று முடிவெடுத்திருந்தாள். (அவளுக்குத் தோட்டம் கிடையாது. இதை எழுதிய பிறகுதான் கவனித்தேன். மாற்றவில்லை. வட்டத்துக்காரர்கள் அதையும் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.)

4

இங்கே மதிப்புரையில் வந்திருக்க வேண்டிய ஒரு பத்தி.

எழுத்தளவை மாற்றத் திரையின் மேல்மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட வேண்டும். ஒரு பட்டியல் இறங்கும். அதில் ‘தோற்றம்’, அதற்குள் ‘எழுத்தளவு’. அந்தப் பட்டியல் வெள்ளைமேல் மெல்லிய சாம்பல் நிறத்தில், கடுகளவில் இருக்கிறது. அழகாகவே இருக்கிறது. பெரிய எழுத்து யாருக்கு வேண்டுமோ அவரால் படிக்க முடியாத இடத்தில் கொண்டுபோய் அதை வைத்திருக்கிறார்கள்.

ஹில்துர் வீட்டில் உட்கார்ந்து திரையைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் பெரிதாகவில்லை. பக்கம் திருப்பும் பித்தான் மட்டும் ஓரத்தில் விரலுக்கு இதமாகத் தட்டுப்பட்டது. அமுக்கினாள். திரை ஒரு கணம் கறுத்து வெளுத்தது. அது பிடித்திருந்தது. இன்னும் அமுக்கினாள். ஒரு வரிகூடப் படிக்காமல் நாவலின் பதினோரு சதவீதத்துக்கு வந்து சேர்ந்தாள். அதற்கு மேல் போகப் பயம். ரொம்ப முன்னால் போய்விட்டால் அங்கே என்ன நடக்கிறது என்று யாராவது கேட்பார்கள்.

அங்கேயே நின்றாள்.

5

லூனில் இன்னொரு வசதியும் உண்டு. நிறுவனம் மிகப் பெருமையாகச் சொல்வது. ஒரே புத்தகத்தை ஒரு குழு படித்தால், திரையின் அடியில் ஒரு கோட்டில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. யார் எங்கே இருக்கிறார் என்று எல்லாரும் பார்க்கலாம். உற்சாகம் பிறக்குமாம், போட்டி வருமாம்.

எங்கள் ஊர் ஆட்களை அவர்களுக்குத் தெரியாது. தட்டில் கடைசி அடையை யாரும் எடுக்காத ஊர் இது. பாதியாக வெட்டுவார்கள், பாதியைப் பாதியாக வெட்டுவார்கள், கடைசியில் ஒரு பூனைக்குக்கூடப் போதாத துணுக்கு தட்டோடு சமையலறைக்குத் திரும்பும். அப்படிப்பட்டவர்கள் வட்டத்தைத் தொடங்கியவளைப் பின்னால் விட்டு முன்னே போவார்களா?

துறைமுகத்தைக் கடக்கும் சிறு பயணப் படகில், ஒரு காலை. யூருன், ஹில்துரின் பக்கத்து வீட்டுக்காரி. குட்முண்ட், வட்டத்தில் இருக்கும் முன்னாள் தீயணைப்பு வீரர்.

“எவ்வளவு படிச்சிருக்க?” என்றாள் யூருன்.

“பதினொண்ணு.”

“நானும் பதினொண்ணுதான்.”

“நீயா? போன வாரம் உன் புள்ளி நாப்பதுல நின்னுச்சே. பார்த்தேனே.”

“திரும்பி வந்துட்டேன். ஆரம்பம் சரியாப் புரியல.”

“ஓ.”

“உனக்குப் புரிஞ்சுதா?”

குட்முண்ட் தண்ணீரைப் பார்த்தார். “எனக்கும் புரியல. கஷ்டமான புத்தகம்.”

“ரொம்ப கஷ்டம்.”

(தபால் படகு ஓட்டுகிற ஒரு பெண்ணின் கதை அது. தூக்கத்தில்கூடப் படிக்கலாம்.)

“அவளுக்கு ஏதாவது… கேட்டுப் பார்க்கலாமா?” என்றார் குட்முண்ட்.

“எத?”

“இல்ல, சும்மா.”

“வேணாம். சொல்லணும்னா சொல்லுவா.”

இப்படித்தான் ஆறு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரே புள்ளியாயின. தான் எல்லாரையும் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கிறோம் என்பது ஹில்துருக்கு மட்டும் தெரியாது. அந்தப் புள்ளி அவள் கண்ணில் படுகிற அளவு இல்லை.

6

திரொன்ஹைமில் இந்த ஒற்றைப் புள்ளியைப் பார்த்தவர்கள் கருவியில் கோளாறு என்று முடிவு செய்தார்கள். அந்தப் பக்கம் வந்ததும் உறைந்துபோகிறது போல. என்னவென்று பார்த்துவர தூவாவை அனுப்பினார்கள். அந்தச் சாம்பல்நிறப் பட்டியலை வடிவமைத்தவள் அவள்தான். முப்பது வயது ஆகவில்லை. விரைவுப் படகில் வந்து, புதன்கிழமை வட்டத்தில் உட்கார்ந்தாள்.*

[* இந்த நாட்டு மொழியில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் ஒரே விளிப்புதான். என் கை தானாக ‘நீங்க’ போட்டுவிட்டது. அடிக்க மனம் வரவில்லை.]

“நான் குறை கேக்கத்தான் வந்திருக்கேன்,” என்றாள். “தாராளமா சொல்லுங்க.”

காப்பி ஊற்றப்பட்டது.

“உறை நல்லா இருக்கு,” என்றாள் யூருன்.

“உறை நாங்க செய்யலீங்க. அது வேற கம்பெனி.”

“அப்படியா. அப்பவும் நல்லா இருக்கு.”

“பித்தான் பரவாயில்ல,” என்றார் குட்முண்ட். “கையுறையோட அமுக்கலாம்.”

தூவா குறித்துக்கொண்டாள். “சரி. பதினோரு சதவீதத்துல ஆறு பேரும் நின்னிருக்கீங்க. அங்க மெஷின் மாட்டிக்குதா?”

“மாட்டிக்கல.”

“பின்ன?”

“யோசிச்சிட்டு இருக்கோம்.”

“ஆறு பேருமா?”

“வயசானவங்கம்மா. மெதுவாத்தான் யோசிப்போம்.”

சிரிப்பு வந்தது. அதில் ஹில்துரும் சேர்ந்துகொண்டாள். ஆனால் ‘ஆறு பேரும்’ என்ற சொல் அவள் காதில் விழுந்துவிட்டது. காப்பிக் கோப்பையை ஒருமுறை தூக்கி, குடிக்காமல் வைத்தாள்.

“அந்தப் பக்கத்த யாராவது படிச்சுக்கிட்டே திருப்புங்களேன்,” என்றாள் தூவா. “எங்க நிக்குதுன்னு பார்த்துடறேன்.” பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள். “நீங்க படிக்கிறீங்களா?”

பக்கத்தில் இருந்தவள் ஹில்துர்.

“நான் படிக்கிறேனே,” என்றாள் யூருன். சட்டென்று சொன்னாள். எங்கள் ஊரில் யாரும் அவ்வளவு வேகமாக எதையும் சொல்வதில்லை.

ஹில்துர் அவள் இருந்த பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும் என்பது மட்டும்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளும் முடித்திருக்க மாட்டாள்.)

“வேணாம் யூருன். என்கிட்டதான கேட்டாங்க,” என்றாள். கருவியைச் சரியான தூரத்தில் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.

7

அவள் படித்தது:

“கொட்டகைக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு குதிரை நின்றது. நனைந்திருந்தது. பாதையே இல்லாத தீவுக்கு அதை யார் கொண்டுவந்தார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. தன் மேலங்கியைக் கழற்றி அதன் முதுகில் போர்த்தினாள். தபால் பை வெளியே மழையில் கிடந்தது. குதிரையின் மூச்சு சூடாக இருந்தது. இன்றைக்கு யாருக்கும் தபால் கிடையாது என்று சத்தமாகச் சொன்னாள். சொன்ன பிறகு கொஞ்சம் நன்றாக இருந்தது.”

பித்தானை அமுக்கினாள். திரை கறுத்து வெளுத்தது.

அந்தப் பக்கத்தில் குதிரை இல்லை. அந்த நாவலிலேயே குதிரை இல்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு சகோதரர்கள் ஒரு படகுக் கொட்டகையைப் பங்கு பிரிப்பது பற்றிச் சலிப்பூட்டும்படி பேசிக்கொள்கிறார்கள். மேசையைச் சுற்றி ஐந்து பேர் கையிலும் அதே பக்கம் திறந்திருந்தது. அவள் அமுக்கியபோது ஐவரும் அமுக்கினார்கள். தலை நிமிர்ந்தவர் யாருமில்லை. தூவா கையிலும் ஒரு லூன் இருந்தது. அவள் சகோதரர்களைப் பார்த்தாள், ஹில்துரைப் பார்த்தாள், தன் கருவியைத் திரை கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

8

எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ. தூவா அன்றே ஊர் திரும்பி, பட்டியலைத் தடித்த கறுப்பு எழுத்தில் மாற்றுகிறாள். முதல் தடவை திறந்ததுமே எழுத்தளவைக் கேட்கும்படி செய்கிறாள். நல்ல முடிவு. நிறுவனம் இதை வாசித்தால் செய்யட்டும். ஆனால் இது கருவியின் முடிவு. ஹில்துர் இன்னும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆ. ஹில்துர் எழுந்து நின்று, “என்னால படிக்க முடியல” என்கிறாள். யூருன் அழுகிறாள், குட்முண்ட் மூக்கைச் சிந்துகிறார். அடித்துவிட்டேன். அந்த வாக்கியத்தை என் ஆள் சொல்லவில்லை, நான் அவள் வாயில் திணித்தேன். தவிர, குட்முண்ட் பிறர் முன்னால் மூக்கைச் சிந்துகிற ஆள் இல்லை.

இ. யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அடுத்த புத்தகம். அதிலும் ஹில்துர் படித்துக் காட்டுகிறாள். அதில் இல்லாத ஒரு நரி வருகிறது. இப்படியே வருடங்கள். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, இரண்டு நாள் இதையே முடிவாக வைத்திருந்தேன். பிறகு அந்த மேசையில் அவள் இடத்தில் என்னை உட்காரவைத்துப் பார்த்தேன். ஐந்து பேர் அன்பாகக் குனிந்திருக்கிறார்கள். அவர்கள் நிமிர மாட்டார்கள் என்று தெரிந்து நான் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடித்தேன்.

9

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுவரைதான்:

தூவா வெளியூர்க்காரி. எங்கள் மௌனம் அவளுக்குப் பழக்கமில்லை. அவள் கேட்டாள்:

“அந்தக் குதிரை யாரோடதுங்க?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எத்தனையோ புதன்கிழமைகளில் ஹில்துர் சொன்னதைப் பற்றி அந்த வட்டத்தில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. குட்முண்ட் நிமிர்ந்தார். ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

ஹில்துர் இரண்டில் ஒன்றைச் சொல்லலாம். அடுத்த பக்கத்தில் வரும் என்று சொல்லி மறுபடி அமுக்கலாம். அல்லது கருவியைத் தூவாவிடம் நீட்டி, இந்த எழுத்தை எப்படிப் பெரிதாக்குவது என்று கேட்கலாம். மூன்றாவதாக ஒன்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. நான் எழுதப் போவதும் இல்லை. ஏற்கெனவே ஒருமுறை அவளுக்காகப் பேசிக் கெடுத்தாயிற்று.

அவள் கருவியை மடியில் இறக்குகிறாள். வாயைத் திறக்கிறாள். இனி அவள் சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எப்படி வேண்டுமானாலும். ஒரே ஒரு வேண்டுகோள்: யூருனை முந்திக்கொண்டு பேசவிடாதீர்கள்.