உங்களுக்குத் தெரியும்

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குச் சபைச் செயலர் யேசுரத்தினம் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மிசோரத்திலிருந்து வந்திருந்த லால்ரின் ஐயாவின் ஆங்கிலப் பிரசங்கத்தை முந்தின நாள் கூட்டத்தில் தமிழில் பெயர்த்தவர் அவர்தான். பிரசங்கியார் ஒரு வரி சொன்னால் யேசுரத்தினம் ஐந்து வரி சொன்னார். வரிக்கு ஒரு ‘பாத்துக்கிடுங்க’வும் போட்டார். இரண்டு மணி நேரம் அப்படி முழங்கியதில் தொண்டை கையை விரித்துவிட்டது. உப்பு வெள்ளத்தில் கொப்பளித்தார். மிளகைக் கடித்தார். கண்ணை மூடி ஜெபித்தார். மறுபடி வாயைத் திறந்தபோது சைக்கிள் பம்பு அடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது.

போதகர் ஞானதாசன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரைக்குக் கூட்டம். இரணியல் ஸ்டேஷனுக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்னச் சபை வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் மூன்று நாள் கன்வென்ஷனில் அது இரண்டாம் நாள். பந்தலில் விளக்குக் கட்டியாயிற்று. நானூறு நாற்காலி இறக்கியாயிற்று. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சபையில் குறைவில்லை, ஆனால் எல்லாரும் பெங்களூரிலும் தோகாவிலும் இருந்தார்கள். யேசுரத்தினம் ஒரு பாட்டு நோட்டீசின் பின்பக்கத்தில் பெயர் ஒன்றை எழுதி நீட்டினார். பெமிலா.

“பெண்ணுங்க அந்த மைக்குல நின்னது இல்லியே,” என்றார் போதகர்.

யேசுரத்தினம் நோட்டீசைத் திரும்ப வாங்கி அடியில் இன்னொரு வரி எழுதினார்: ‘நானும் ஒரு நாளு புதுசாட்டுதான் நின்னேன், பாத்துக்கிடுங்க.’

போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்தார்.

பெமிலா அப்போது அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் “சரி ஐயா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, அடுப்பை அணைத்தாளா இல்லையா என்று மூன்று தரம் போய்ப் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, வெளியூர் பிரசங்கிமார் பேசப் பேச, உதட்டுக்குள்ளேயே தமிழாக்கிப் பார்த்தவள் அவள். மொழிபெயர்ப்பவர் தடுமாறும்போதெல்லாம் அவளுக்குச் சரியான சொல் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதை யாரிடம் சொல்வது? பிறகு நர்சிங் படித்தாள், குவைத்துக்குப் போனாள், எட்டு வருஷம் அங்கே வேலை பார்த்துப் போன வருஷம் திரும்பி வந்தாள். அந்த ஆசை மட்டும் போன இடத்துக்கெல்லாம் அவள் கூடவே போய், கூடவே திரும்பி வந்திருந்தது.

சொற்களின்மேல் அவளுக்கு இருந்த இந்தப் பிரியமே ஒரு நோயும் ஆகியிருந்தது. யார் எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பது அவள் காதில் உறுத்தும். கூட்டத்தில் ஒருவர் மட்டும் தாளம் தப்பிக் கைதட்டினால் உறுத்துமே, அதுபோல. உறுத்தினால் எண்ணத் தொடங்குவாள். குவைத்தில் அவளுடைய வார்டுக்கு வந்த எகிப்து டாக்டர் மூச்சுக்கு ஒரு ‘யானி’ சொல்வார். ஒரு நாள் காலை ரவுண்டில் அறுபத்துமூன்று. யானி என்றால் அரபியில் ‘அதாவது’. அப்பாடா, அந்தத் தொல்லை விட்டது என்று விமானம் ஏறி வந்தவளைத் திருவனந்தபுரத்தில் எதிர்கொண்டு அழைத்த கணவன் ஜெப்சன் சொன்ன முதல் வார்த்தை: “அதாவது, பிளைட்டு லேட்டு இல்லியா?”

சபைக்கு அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோனதும் அவன்தான்.

“அதாவது, நீ ஒண்ணும் பயப்படாண்டாம். அதாவது, அவரு பேசுவாரு. அதாவது, நீ அத அப்பிடியே...”

“எனக்கு ஒரு நல்ல வாக்கு சொல்லுங்க,” என்றாள் பெமிலா பின்னாலிருந்து. “ஆனா ஒரு அதாவது இல்லாம சொல்லணும்.”

ஜெப்சன் யோசித்தான். ரயில்வே கேட் வரைக்கும் யோசித்தான். கேட் திறந்து, தண்டவாளத்தைக் கடந்து, வாழைத்தோப்பைச் சுற்றிக்கொண்டு சபை வாசலில் வண்டியை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்தான்.

“வரல்ல, கேட்டியா,” என்றான் பரிதாபமாக.

அவள் சிரித்தபடியே உள்ளே ஓடினாள். கால் தரையில் பாவவில்லை.

போதகர் அவளை வேதபீடத்துக்குப் பக்கத்து அறையில் நிறுத்திப் பேசினார். “அவரு சொன்னத மட்டும் சொல்லு பிள்ள. கூட்டாண்டாம், குறைக்காண்டாம். நேத்து கூட்டுனதுக்கே கமிட்டிக்காரங்க என்னையப் பிடிச்சு உலுக்கிட்டாங்க. இன்னைக்கு நல்லாட்டு நடந்தா நாளைக்கும் நீதான். நடக்கல்லன்னா...” கொஞ்சம் தயங்கினார். “பின்ன நான் இருக்க காலம் வரைக்கும் இன்னொரு பெண்ணுக்கு அந்த மைக்க வாங்கிக் குடுக்க எனக்குக் களியாது.”

இரண்டு மைக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பாட்டு முடிந்து, லால்ரின் ஐயா எழுந்து வந்தார். குள்ளமான மனிதர், அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டையின்மேல் கறுப்பும் சிவப்புமாய் ஒரு சால்வை. பெமிலாவைப் பார்த்து, ஒரே கட்டை வண்டியில் பூட்டப்பட்டவர்கள்போலச் சிநேகமாய்ச் சிரித்துவிட்டு ஆரம்பித்தார். தான் மலைநாட்டிலிருந்து வருவதாகச் சொல்லி, கடைசியில் “யூ நோ” என்றார்.

கூட்டாதே, குறைக்காதே. “நான் மலைநாட்டிலிருந்து வருகிறேன். உங்களுக்குத் தெரியும்,” என்றாள் பெமிலா.

எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழை, யூ நோ.

“எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழை. உங்களுக்குத் தெரியும்.”

பெண்கள் பக்கம், நாற்காலிகளுக்கு முன்னால் விரித்திருந்த பாயின் முதல் வரிசையில் நேசபாய் இருந்தாள். புதுக்கடைச் சந்தையில் மரச்சீனி வியாபாரம் செய்கிறவள். சந்தை இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவளுடையது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாலும் பந்தலின் கடைசிவரை கேட்கும்.

“எங்களுக்கு எங்கன தெரியும் மக்கா? நீ சொன்னாத்தான தெரியும்.”

பந்தல் குலுங்கியது. லால்ரின் ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் மழை நகைச்சுவை பலித்துவிட்டது என்று நினைத்து அவரும் குலுங்கிச் சிரித்தார். உற்சாகம் கூடியதில் யூ நோவும் கூடியது. பள்ளிக்கூடம் மூங்கிலால் கட்டியது, யூ நோ. கூரை இரண்டு தரம் பறந்துபோனது, யூ நோ. பெமிலா வாய் தவறாமல் ‘உங்களுக்குத் தெரியும்’ என்றாள். ஐந்தாம் தரம் சொன்னபோது பின்வரிசை வாலிபர்கள் ராகமாக, ஒரே குரலில், “தெரியாது” என்றார்கள். ஆறாம் தரம் ஆண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. கமிட்டிக்காரர் ஒருவர் இன்னொருவரின் காதில் என்னவோ சொன்னார். போதகர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் காது சூடேறியது. எட்டு வருஷம் அடுத்தவர் வாயில் எண்ணிக்கொண்டு திரிந்த தொல்லை இப்போது தன் வாயிலேயே வந்து குடியேறிவிட்டதே. ஒரு நிமிஷத்தில் முடிவெடுத்தாள். அது சொல்லே இல்லை, மூச்சு வாங்குவது. மூச்சை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. ஏழாவது யூ நோ வந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள்.

அப்புறம் எல்லாம் மாறிவிட்டது. பாரம் இறக்கிய வண்டி மாதிரிப் பேச்சு ஓடியது. அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே அவளிடம் தமிழ் தயாராக இருந்தது. அவர் கை உயர்ந்தால் அவள் குரல் உயர்ந்தது. ஒழுகுகிற கூரையின்கீழ் எண்பது பிள்ளைகள் ஒரே புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்து, எதிர்ப்புறம் இருந்த பிள்ளைகள் எழுத்துகளைத் தலைகீழாகவே வாசிக்கப் பழகிக்கொண்ட கதையை அவர் சொன்னபோது, பந்தலில் சிரிப்பும் ஸ்தோத்திரமும் சேர்ந்து எழுந்தன. பின்வரிசைப் பையன்கள் மட்டும் ஏமாந்துபோய், அந்த வார்த்தை மறுபடி எப்போது வரும் என்று வாயைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பெமிலாவின் நெஞ்சுக்குள் பாடகர் குழு முழுவதும் எழுந்து நின்றது. ஆண்டவரே, இதற்குத்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் ஆனபோது அவர் தன் மனைவியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்தப் பள்ளியை அவருடன் சேர்ந்து நடத்திய ஆசிரியை. ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மலைச்சாலை சரிந்து கிடந்தது, ஜீப் வராது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் பிரம்பு நாற்காலியில் அவளை உட்காரவைத்துத் தோளில் சுமந்து இறங்கினார்கள். பதினொரு கிலோமீட்டர். பெமிலா ஒவ்வொரு வளைவையும் தமிழில் இறங்கிக்கொண்டே வந்தாள். பந்தலில் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

“நாங்கள் பாலத்துக்கு வந்துவிட்டோம். கோழிக்கூட்டை அடைத்தீர்களா என்று என் மனைவி கேட்டாள். அடைத்துவிட்டேன் என்று சொன்னேன்.”

லால்ரின் ஐயா அதோடு நின்றார். மைக் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“தென், யூ நோ...” என்றார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி, கெஞ்சுகிறவர்போல, “யூ நோ” என்றார். அவ்வளவுதான். அவளைத் திரும்பிப் பார்த்தார்.

இப்போது அவள் முறை.

நானூறு முகமும் அவளைப் பார்த்துக் காத்திருந்தன. ‘இறந்துபோனாள்’ என்று சொல்லிவிடலாம், எல்லாருக்கும் புரியும். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகியும் அவரால் சொல்ல முடியாத ஒன்றை, அவருடைய வாயாக நிற்கிற தான் எப்படி அவரை முந்திக்கொண்டு சொல்வது? சும்மா இருந்துவிடலாம் என்றால், அவர் கையில் மிச்சமிருந்த ஒரே சொல்லும் கீழே விழுந்துவிடும். அந்தச் சொல்லையே சொல்லலாம் என்றால், கடைசி வரிசை காத்திருக்கிறது. வாயைத் திறந்தால் “தெரியாது” என்று பாடிவிடுவார்கள். அவர் மனைவியின்மேல் அந்தச் சிரிப்பு விழும். அவர் சாகும்வரை இந்த ஊரை அப்படித்தான் நினைத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனையோ தரம் அவளே இந்த இடத்தில் நின்றிருக்கிறாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, ஓடிவருகிற மகனிடமோ தாயிடமோ, “பாருங்க...” என்று ஆரம்பித்து, அதற்குமேல் போக முடியாமல், “பாருங்க, பாருங்க” என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதை அவள் ஒருநாளும் எண்ணியதில்லை.

மைக்கை நெருங்கினாள். கடைசி வரிசையைப் பார்க்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“பிறகு... உங்களுக்குத் தெரியும்.”

ஒரு பையன் மூச்சை இழுப்பது கேட்டது. பெமிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

“தெரியும் ஐயா.”

நேசபாயின் குரல். பெமிலா கண்ணைத் திறந்தபோது அவள் பாயிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பெமிலாவை அவள் பார்க்கவில்லை. லால்ரின் ஐயாவைப் பார்த்து, சந்தையில் எதிர்க்கடைக்காரனிடம் பேசுவதுபோல நேராக, தமிழிலேயே சொன்னாள். “எனக்க கெட்டுன மாப்பிள்ளையும் வழியிலதான் போனாரு. ஆட்டோவுல. எங்களுக்குத் தெரியும். நீரு மெள்ள நின்னு பேசும்.”

“தெரியும்,” என்றது பக்கத்தில் இன்னொரு குரல். ஆண்கள் பக்கத்திலிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்று. யேசுரத்தினம் தன் சைக்கிள் பம்புக் குரலில் என்னவோ சொன்னார். அதுவும் ‘தெரியும்’தான் என்று உதட்டசைவில் மட்டும் தெரிந்தது. பின்வரிசையில் உயரமான ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு, ராகம் எதுவும் இல்லாமல், தனியாக, “தெரியும்” என்றான்.

லால்ரின் ஐயா பெமிலாவின் பக்கம் சாய்ந்தார். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த மைக்கில் நின்ற யாரும் இதுவரை அந்தத் திசையில் மொழிபெயர்த்ததில்லை. பெமிலா மைக்கை ஒரு கையால் மூடிக்கொண்டு அவர் காதருகே குனிந்து இரண்டே சொல் சொன்னாள். அவர் அதைக் கேட்டு மெல்லத் தலையாட்டினார். பிறகு சால்வையின் நுனியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். பேசச் சொல்லி யாரும் அவசரப்படுத்தவில்லை. கூட்டத்தை எப்படி மேலே கொண்டுபோவது என்று யாருக்கும் தெரியவில்லை, போதகர்கூட எழுந்திருக்கவில்லை.

பெண்கள் பக்கத்தின் பின்னாலிருந்து ஒரு பாட்டில் புறப்பட்டது. யார் கொடுத்தனுப்பியது என்று தெரியவில்லை. யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த சீரக வெள்ளம். இளம் மஞ்சள் நிறம். ஒரு கை வாங்கி அடுத்த கையில் கொடுத்தது. அந்தக் கை முந்தானையால் பாட்டிலின் ஈரத்தைத் துடைத்துவிட்டு முன்னால் நீட்டியது. நடுவில் ஒருத்தி மூடியை அரைத் திருகு தளர்த்திவைத்தாள், வாங்குகிறவர் சிரமப்பட வேண்டாம் என்று. பிள்ளையை மடியில் உறங்கவைத்திருந்த ஒருத்தி அசையாமல் ஒற்றைக் கையால் வாங்கி, தலைக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தாள். பெமிலா மேடையின் விளிம்பில் முழங்காலிட்டு, புடவை அழுக்காவதைப் பாராமல், கையை எட்டுமட்டும் கீழே நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பாட்டிலுக்கும் அவளுக்கும் நடுவே இன்னும் மூன்று கைகள் இருந்தன.