யசோதா தேத்தண்ணி ஊற்றவில்லை

நான் ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். பச்சைக்கொடி காட்டிய கை வீட்டில் சும்மா இருக்குமா? பேராதனைக்குப் போகும் வழியில் ஒரு பழைய பங்களாவில் உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், முதுகலை வகுப்பு நடக்கிறது, மாணவர்கள் பழகிப் பார்ப்பதற்குத் துயரப்பட்டவர்போல நடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றே போய் நின்றேன்.

ஒரு வியாழக்கிழமை நான் பன்னிரண்டு மருமகன்மார் துரத்தும் லொத்தர்ச் சீட்டில் கோடி விழுந்த சீமான். அடுத்த வியாழன், சொந்த நிழலோடு கோபித்துக்கொண்ட தபாற்காரன். நான் அழுத அழுகையில் மகாவலி ஆறு பெருகி, விக்டோரியா அணையின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நான்தான்.

"ஊட்டுல வெங்காயம் உரிச்சாலும் கண் கலங்காத மனுசன், அங்க போய் ஒப்பாரி வெக்கிறாராம்" என்று என் மனைவி கைரியா பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொல்வாள்.

அந்த வகுப்பின் கெட்டிக்காரி யசோதா. கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவள் வாசித்த புத்தகங்களை அடுக்கினால் ஹந்தானை மலை குட்டையாகத் தெரியும். ஆனால் ஒரு பழக்கம். எதிரில் யாராவது அழுதால் போதும், பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிவிடுவாள். அவர்கள் லயத்து வரிசை வீடுகளில் சாவு வீடானாலும் சண்டை வீடானாலும் அழுகிறவர் கைக்கு முதலில் வருவது தேத்தண்ணிக் கோப்பைதான். செய்முறைப் பரீட்சையில் என் கைக்கும் வந்தது. அழுகையை நிறுத்திவிட்டுக் குடித்தேன். அப்படி ஒரு ருசி! அவள் பெயில்.

"பிள்ளை, அந்த மனுசன் அழத் துவங்கினவுடனே தேத்தண்ணியால அமத்திப் போட்டீர். அதுக்குப் பிறகு அவர் என்ன சொல்லியிருப்பாரெண்டு இனி ஆருக்குத் தெரியும்?" என்றார் விரிவுரையாளர் இராஜேஸ்வரி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "இன்னொரு தரம் பாப்பம். அதுவும் சரிவரேல்லையெண்டா உம்மை இந்த வகுப்பில வைச்சிருக்க ஏலாது."

இரண்டாம் பரீட்சைக்கு முன் விறாந்தையில் யசோதா என்னைப் பிடித்துக்கொண்டாள். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, இன்னிக்கிக் கொஞ்சம் கம்மியா அழுவுங்க. எனக்குக் கை சும்மா இருக்காது."

"அளந்து அழ எனக்குத் தெரியா, மகள்" என்றேன்.

அன்று எனக்குக் கிடைத்த வேடம், பழைய தெல்தெனிய டவுன் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிப் போனபோது கடையைப் பறிகொடுத்த முதலாளி. மூலையில் ஒரு கதிரையில் இராஜேஸ்வரி. நான் விடுவேனா? என் கடைச் சீனி முழுக்கக் கரைந்து, அங்கே பிடித்த மீனை ஒரு வருஷம் இனிப்பாகவே சமைத்தார்கள் என்றேன். பிறகு கதறினேன்.

யசோதாவின் கை பிளாஸ்க்குக்குப் போனது. பாதியில் நின்றது. மடிக்குத் திரும்பியது. அவள் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தபடி இருந்தாள். அந்த அமைதியில் தூரத்து ஹுன்னஸ்கிரிய மலையில் தேயிலைக் கொழுந்து துளிர்ப்பதுகூட எனக்குக் கேட்டது. என் கைவசமிருந்த கண்ணீர் தீர்ந்தது, கதையும் தீர்ந்தது. வாய் மட்டும் தன்பாட்டில் ஓடியது.

"காலைல கோச்சி கூவினா எழும்புற. சப்பாத்தெல்லாம் போட்டுட்டு வாசல்ல நிக்கிற. அதுக்குப் பொறகு எங்க போறண்டு தெரியா."

யசோதா கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

"தெல்தெனியவுக்குக் கோச்சி போறதில்லீங்களே" என்றாள் மெதுவாக. "நானா, இது கடை முதலாளி சொல்றதா? இல்ல, நீங்க சொல்றதா?"

மூலையில் எழுதிக்கொண்டிருந்த இராஜேஸ்வரியின் பேனை நின்றது. பரீட்சையில் வேடத்தை மாணவர் கலைக்கக்கூடாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நான்தான்" என்றேன்.

"பரீட்சைய நிப்பாட்டிருவோமா? பேசணும்னா பேசலாம்."

"பேசுவோம்."

எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் சொல்லவில்லை. "சப்பாத்தோட வாசல்ல நிக்கிறப்ப எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். ஓய்வு பெற்றதற்கு மாலை போட்டவர்கள், கைகுலுக்கியவர்கள், கேக் வெட்டியவர்கள் ஒருவரும் கேட்காத கேள்வி. நான் சொன்ன பதிலை இங்கே எழுதமாட்டேன். அதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் என் பெயர் கெட்டுவிடும்.

முடிந்ததும் இராஜேஸ்வரி எழுந்து வந்தார். "வேடத்தைக் கலைச்சுப் போட்டீர்."

யசோதாவின் முகம் வெளுத்தது.

"நான் மூண்டு மாசமா இந்த மனுசனைப் பாக்கிறன். இவர் நடிக்கேக்க நானும் சிரிச்சுக்கொண்டுதான் இருந்தனான். ஒருநாளும் எனக்கு இது விளங்கேல்லை. பாஸ், பிள்ளை."

யசோதா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள். "இப்ப ஊத்தலாங்களா, மேடம்?"

"ஓம். எனக்கும் ஊத்தும்."

வீட்டுக்கு வந்து, கண்டியிலேயே தலைசிறந்த உளவளத்துணையாளரை நான்தான் உருவாக்கினேன் என்று கைரியாவிடம் அறிவித்தேன்.

"அந்தப் புள்ள படிச்சிப் பாஸாகின. நீங்க என்னத்த செஞ்ச?"

"தேத்தண்ணி கேக்காம இருந்தன்" என்றேன்.