தண்ணீர் குடித்துப் பார்க்காதவர்

புதுப்பட்டினத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைக் கேட்பார்கள். கடல் பக்கம். ஒரு தெருவில் போர் தண்ணீர் கற்கண்டாக இருக்கும். அடுத்த தெருவில் பருப்பு வேகாது. அதனால் வீட்டை விற்பதென்று முடிவான நாளிலிருந்து விஜயகுமாரி, பின்கட்டுக் குழாயடியில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். இரண்டு மாதத்தில் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் ஒரு வாய் குடித்து, சப்புக்கொட்டிவிட்டுத்தான் விலையைப் பேசினார்கள். யாருக்கும் விலை படியவில்லை.

அவள் கணவன் ஜெயக்குமார் மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டினான். முதல் ஷிப்டுக்கு விடியுமுன் வண்டியை எடுக்க வேண்டும் என்பதால், அங்கேயே நாலு டிரைவர்களோடு ஓர் அறையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். பதினாறு வருடக் குடித்தனம் இப்படியே ஓடிவிட்டது. இப்போது மறைமலைநகருக்குப் பக்கத்தில் பொத்தேரியில், முன்பக்கம் கடை வைக்கிற மாதிரி ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. அதை வாங்கினால் அங்குள்ள கல்லூரி ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இட்லி சுட்டு விற்கலாம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருக்கலாம். அதற்கு அவள் பேரில் இருக்கும் இந்த வீட்டை விற்றால்தான் உண்டு. வேறு கைமுதல் கிடையாது.

எட்டாவதாக வந்தவர் வெங்கடேசன். தரகர் ஏசுதாஸ் கூட்டி வந்தார். வெங்கடேசன் கூடத்தில் நின்றபடியே நாலு பக்கமும் பார்த்து, பிடித்திருக்கிறது என்றார். கேட்ட விலைக்கு மேல் இரண்டு லட்சம் தருவதாகச் சொன்னார். பின்கட்டுப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. விஜயகுமாரி டம்ளரை நிறைத்து நீட்டியபோது, வேண்டாம்மா என்று கையைக் காட்டிவிட்டு போனைப் பார்த்தார்.

அவருக்கு அவசரம் இருந்தது. வேலை விஷயமாக வெளிநாடு போகிறாராம். ஆடி பிறக்க இன்னும் ஆறே நாள். பிறந்துவிட்டால் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். அதனால் அதற்குள் அவளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத் தன் தம்பிக்குத் தந்து ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், லோன் வந்ததும் தம்பி மற்றதைப் பார்த்துக்கொள்வான் என்றார். வங்கியில் காட்ட அசல் பத்திரங்களும் வேண்டும். அங்கேயே நின்று ஐம்பதாயிரம் அட்வான்ஸ் போட்டார். பணம் வந்த குறுஞ்செய்தியில் யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

ஜெயக்குமார் போனில் குதித்தான்.

"கேட்டத வுட மேல தரேன்றான். நீ இன்னாத்த யோசிச்சிகினு கீற?"

"அந்தாளு தண்ணி குடிக்கலய்யா."

"கார்ல வர்றவன் கேன் தண்ணி குடிப்பான். உன் போர் தண்ணி அவனுக்கு எதுக்கு?"

விஜயகுமாரி மறுநாள் காலை, பத்திரங்களின் ஜெராக்ஸை மட்டும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பதிவு ஆபீஸ் எதிரில் பத்திரம் எழுதும் துர்காதேவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"வூட்டயும் சாவியயும் சேத்து எவனுக்கோ குடுக்கறதுக்கு இவ்ளோ தூரம் ஏன்க்கா வந்தீங்க? அங்கயே குடுத்து அனுப்பியிருக்கலாமே."

பிறகு நிதானமாக விளக்கினாள். பவர் பதிந்துவிட்டால், நமக்குப் பணம் வராமலேயே அந்தத் தம்பி வீட்டை வேறொருவருக்கு விற்றுவிட முடியும். லோனுக்கு முதலில் நகல் போதும். அசலைப் பார்க்க வேண்டுமென்றால் நாமே வங்கிக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டுக் கையோடு கொண்டுவரலாம். பணம் முழுவதும் நம் கணக்குக்கு வந்தது உறுதியான பிறகுதான் கிரயத்தில் கையெழுத்து.

விஜயகுமாரி அங்கிருந்தே வெங்கடேசனை அழைத்தாள். பவர் கிடையாது, நேரடியாகக் கிரயம்தான் என்றாள். ஆடி வந்துவிடுமே என்று அவர் பதறினார்.

"வந்தா வரட்டுங்க. பொறந்ததுலேர்ந்து ஆடியப் பாத்துகினுதான் கீறோம். ஆவணில வாங்க, எழுதித் தரேன். வர்றப்ப ஒரு வாய் தண்ணியும் குடிச்சிப் பாருங்க."

அவர் குரல் மாறியது. அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஏமாற்றுவதாக வழக்குப் போடுவேன் என்றார். எந்தக் கணக்குக்குத் திருப்ப வேண்டும் என்று அவள் கேட்டதும் இணைப்பு அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயக்குமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். பொத்தேரி வீடு கைவிட்டுப் போகும், அறையிலேயே கிடந்து சாகிறேன் என்றான். விஜயகுமாரி சண்டைக்குப் போகவில்லை. குழாயடி டம்ளரை நிறைத்து அவன் முன்னால் வைத்தாள்.

"பஸ்ஸ வுட்டு எறங்கி வந்ததும் நீ மொதல்ல கேக்கறது இன்னா?"

அவன் டம்ளரைப் பார்த்தான்.

"இங்க குடியிருக்க வர்றவன் இத்த குடிச்சிதான ஆவணும்? அந்தாளுக்கு வூடு வாணாம்யா. என் கையெழுத்துதான் வேணும்."

ஜெயக்குமார் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். திங்கட்கிழமை லீவு போட்டு அவளோடு வங்கிக்கு வந்தான். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திருப்பி, ரசீது வாங்கிக்கொண்டார்கள். பொத்தேரி வீட்டுக்காரர் ஆவணி வரை பொறுப்பதாகச் சொன்னார். ஆடியில் வீட்டை விற்க அவருக்கும் மனமில்லை.

ஆடி மூன்றாவது வாரம் ஏசுதாஸ் தலையைக் குனிந்தபடி வந்தார். செய்யூர் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புக்கு இதே வெங்கடேசன் பவர் வாங்கி, நாலே நாளில் விற்றுவிட்டானாம். தோப்புக்காரர் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிறார். "என்னையும் சேத்து ஏமாத்திட்டான்மா, கமிஷன் ஆசை கண்ண மறச்சிடுச்சி," என்றார். விஜயகுமாரி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூட்டி வரச் சொன்னாள்.

ஆவணி இரண்டாம் நாள் பாலசுப்ரமணியனும் அவர் மனைவி சியாமளாவும் வந்தார்கள். இருவரும் கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர்கள். சொந்த ஊர் திருநெல்வேலி. சியாமளா கைப்பையிலிருந்து உப்பை அளக்கிற, பேனா போன்ற ஒரு கருவியை எடுத்துத் தண்ணீரில் விட்டு, அது காட்டிய அளவைப் பார்த்தாள். அது போதாமல் குடித்தும் பார்த்தாள். பாலசுப்ரமணியன் மொட்டைமாடிக்குப் போய், ஒழுகின இடத்தைக் கண்டுபிடித்து இறங்கிவந்து, விலையில் ஒரு லட்சம் குறைக்கச் சொன்னார். ஜெயக்குமார் முகம் சுருங்கியது. விஜயகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒழுகலுக்குப் பேரம் பேசுகிறவர்கள் மழைக்காலத்தில் இங்கே படுத்துத் தூங்கப் போகிறவர்கள். ஐம்பதாயிரம் குறைப்பதென்று பேச்சு முடிந்தது.

லோன் வந்து, பணம் முழுவதும் அவள் கணக்கில் ஏறியதை வங்கியில் கேட்டு உறுதி செய்துகொண்டு, ஆவணிக் கடைசியில் கையெழுத்துப் போட்டாள். அசல் பத்திரங்கள் அன்றுதான் அவள் கையை விட்டுப் போயின. டம்ளரை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் இருவரும் பொத்தேரி போனார்கள். வீட்டுக்காரர் ஷட்டரைத் தூக்கி, கடை எவ்வளவு ஓடும் என்று உற்சாகமாக விவரித்தார். அவர் முடிக்கும் வரை பொறுத்திருந்த ஜெயக்குமார், மனைவியின் பையிலிருந்து டம்ளரை எடுத்தான்.

"அண்ணாத்த, அதெல்லாம் அப்பறம். கொழா எங்க கீது?"