டீசலுக்கு ஒரு சத்தியம்

அத்திபெலே பங்க்கில் டீசல் டேங்கின் பூட்டைச் சேஷகிரியே திறந்தார். சேலத்துக்குப் போய்த் திரும்பும்வரை அந்தச் சாவியை அவர் வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. சாப்பிடும்போதுகூட லாரி கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார், தூங்கியதும் வண்டிக்குள்ளேதான். புறப்படும்போது இதே பங்க்கில் வாய்வரை நிரப்பிய டேங்கை இப்போது மறுபடி வாய்வரை நிரப்பச் சொன்னார். மீட்டரில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒருவழியாக நின்றதும் மனக்கணக்குப் போட்டார். கணக்கில் அவர் புலி. தொழிற்சாலையில் கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளியவர், லாரி மனைவி பெயரில் ஆரம்பித்த உபதொழில். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர்கூட வரவில்லை. பழைய டிரைவர் அப்பாதுரை ஓட்டியபோது வந்ததும் இதேதான்.

அப்பாதுரைக்கு வீடு நீலசந்திராவில். சேஷகிரியின் பழைய லாரியை ஏழெட்டு வருஷம் ஓட்டியவர். அந்த லாரி போகிற வழியெல்லாம் கரும்புகை கக்கும், ஆனால் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டரைத் தட்டாமல் கொடுக்கும். பெருநகரங்களுக்குப் புதிய புகை விதி வந்த பிறகு சேஷகிரி அதை விற்றுவிட்டுப் புது எஞ்சின் வண்டி வாங்கினார். புகை கண்ணுக்கே தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டார். முதல் மாதமே டீசல் கணக்கு உதைத்தது. "வண்டி ரொம்பக் குடிக்குது சார், மேட்டுல இழுவையும் இல்ல" என்றார் அப்பாதுரை. போதாததற்கு வண்டி அடிக்கடி நடுவழியில் நின்று போனது. நின்ற இடமெல்லாம் ஏதாவது தாபாவுக்குப் பக்கத்தில் என்று சேஷகிரிக்குத் தோன்றியது. நெடுஞ்சாலையில் எந்த இடத்தை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு தாபா இருக்கத்தான் செய்யும் என்று அப்போது தோன்றவில்லை.

"வண்டி குடிக்கல சார், டிரைவர் உறிஞ்சறான்" என்று தூபம் போட்டார் சுந்தரமூர்த்தி. லாரிகளுக்குச் சுமை பிடித்துக் கொடுக்கும் அத்திபெலே புக்கிங் ஆபீஸில் நாலு லாரிக்குச் சொந்தக்காரர், அதனால் நாலு பேச்சுக்கும் சொந்தக்காரர். டேங்கில் குழாய் விட்டு டீசல் எடுத்து விற்கிற டிரைவர்கள் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. சேஷகிரி பூட்டு வாங்கிப் போட்டார். கணக்கு மாறவில்லை. கள்ளச்சாவி இருக்கும் என்றார்கள்.

ஒரு நாள் மத்தியானம் புக்கிங் ஆபீஸ் வாசலில், எல்லோரும் பார்க்க, சேஷகிரி வண்டியின் முன்னால் ஒரு தட்டை வைத்துக் கற்பூரம் ஏற்றினார். யோசனை அவருடையதே. "எடுக்கலேன்னா இத கையால அணைச்சு சத்தியம் பண்ணு. நான் அதோட விட்டுடறேன்."

அப்பாதுரை தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன் சார். எடுக்கலன்னா எடுக்கல, அவ்ளோதான்."

கற்பூரம் தானே எரிந்து அடங்கியது. அப்பாதுரை கையை நீட்டாததே தீர்ப்பாகிவிட்டது. அன்றைக்கே வண்டிச் சாவியை வைத்துவிட்டுப் போனார். டீசல் திருடன் என்று பேர் வாங்கியவரை அத்திபெலேயில் யாரும் லாரியில் ஏற்றவில்லை. புதிதாக வந்த டிரைவருக்கும் அதே கணக்கு வந்தபோதுதான் சேஷகிரி சாவியும் கையுமாகத் தானே சேலத்துக்குக் கிளம்பினார்.

பங்க்கை ஒட்டி மெக்கானிக் சந்திரசேகரனின் ஷெட். டேங்கை நிரப்பிய கையோடு சேஷகிரி அங்கே போய்ச் சொன்ன கணக்கைக் கேட்டுவிட்டு அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "பழைய வண்டி கணக்க இதுக்குப் போட்டா எப்படி சார்? புகைய கொறைக்கணும்னு கம்பெனியிலேயே டீசல் பாயற நேரத்த தள்ளி வெச்சிருக்காங்க. வெளிய போற புகையில கொஞ்சத்த திருப்பி எஞ்சினுக்குள்ளயே அனுப்பறாங்க. அதனால டீசல் கூடத்தான் குடிக்கும். அந்த வால்வுல கரி புடிச்சா வண்டி நின்னுடும். இந்த மாடல் அத்தனையும் இப்படித்தான். அப்பாதுரை அண்ணன் உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ருக்மிணியிடம், "எடுக்கலேன்னா அவன் ஏன் சத்தியம் பண்ணலை?" என்று கேட்டார். தப்பில் ஒரு பங்கையாவது அப்பாதுரை தலையில் ஏற்றிவிட முடியுமா என்று பார்த்தார்.

"அவா புத்தர கும்பிடறவா. சாமி மேல சத்தியம் பண்றதில்லைன்னு வெச்சிண்டிருக்கா. அவர் ஆத்துக்காரி யசோதா எங்கிட்ட சொல்லியிருக்கா" என்றாள் ருக்மிணி. "ஆயுத பூஜைக்கு நான் குங்குமம் நீட்டினா காகிதத்துல மடிச்சு வெச்சுப்பார். நெத்தியில இட்டுண்டதே கிடையாது. இத்தனை வருஷத்துல நீங்க பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. டேங்கை எட்டி எட்டிப் பார்த்தவர் அந்த நெற்றியை ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீலசந்திராவுக்குப் போனார். அப்பாதுரையின் மனைவி யசோதா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. அப்பாதுரை இப்போது மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய உடம்பு. தோள் வீங்கி, அதன்மேல் பற்றுப் போட்டிருந்தது. அதைப் பார்க்கக் கூசி சேஷகிரி சுவரைப் பார்த்தார். அங்கே புத்தர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தப்பு பண்ணிட்டேன் அப்பாதுரை. நீங்க..." அந்த 'நீங்க' இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அது இருவருக்குமே சங்கடமாக இருந்தது. "நீங்க மறுபடி வண்டிக்கு வந்துடுங்க."

அப்பாதுரை வீங்கிய தோளைத் துண்டால் மூடிக்கொண்டார். "நான் திருடனா இருந்தா அன்னிக்கே அணைச்சிருப்பேன் சார். கை கொஞ்சம் சுடும், அவ்ளோதான். வேலையும் போயிருக்காது."

சேஷகிரி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"எங்கிட்ட வந்து சொன்னீங்க, சரி. எங்க வெச்சு கேட்டீங்களோ அங்க வந்து சொல்லுங்க. நானும் வரேன்."

மறுநாள் இருவரும் பஸ்ஸில் அத்திபெலே போய் இறங்கினார்கள். என்ன சொல்வது என்று சேஷகிரி வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். புது எஞ்சின், புகை விதி, நல்ல மனிதர் மேல் அநியாயமாக விழுந்த சந்தேகம் என்று எல்லாம் அழகாகக் கோத்து வைத்திருந்தார். தன் பெயர் அதிகம் அடிபடாத மாதிரியும் பார்த்துக்கொண்டிருந்தார். புக்கிங் ஆபீஸ் வாசலில் கூட்டம் நின்றது. சுந்தரமூர்த்தி புதிதாக வாங்கிய லாரி, அதே மாடல். அதன் முன்னால் ஒரு தட்டு, தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சுந்தரமூர்த்தியின் டிரைவர் தினேஷ் முகம் வெளுத்துப்போய் எதிரே நின்றான்.

"வாங்க சார், நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்றார் சுந்தரமூர்த்தி. "நீங்க காட்டுன வழிதான். என் வண்டியும் குடிக்குதாம்."

கோத்து வைத்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. சேஷகிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தன் உள்ளங்கையைக் கற்பூரத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

"அப்பாதுரை டீசல் எடுக்கல. நான்தான் பொய்ப் பழி போட்டேன். இந்தப் பையனும் எடுத்திருக்க மாட்டான்."

சுட்டது. கையை உடனே எடுக்கவில்லை. அவர் எடுத்ததும் சுந்தரமூர்த்தி தட்டை ஓரமாக நகர்த்தினார். சேஷகிரி திரும்பிப் பார்த்தபோது, அப்பாதுரை ஆபீஸ் கேட் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு பக்கம் பஸ் ஸ்டாப், மறுபக்கம் நிறுத்தி வைத்திருந்த சேஷகிரியின் லாரி, அவர் ஓட்டியது.

சேஷகிரி லாரியின் பக்கம் நடந்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து டேங்கின் பூட்டைத் திறக்கப் பார்த்தார். கொப்புளம் போட்டுக்கொண்டிருந்த கையில் சாவி நிற்காமல் இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாம் தடவை பூட்டு திறந்தது. இனி இது வேண்டாம் என்று அதைக் கழற்றி எடுத்து, கரி படிந்த கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அப்பாதுரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.