மெழுகுதிரிச் சோறு

சண்முகவள்ளிக்குத் தன் கைப்பக்குவத்தின் மேல் சந்தேகம் வந்ததே கிடையாது. கொஞ்சம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அய்யம்பாளையத்தில் அவள் பருப்பு கடைந்தால் பக்கத்து வீட்டார் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். அந்த மிதப்போடுதான், ஐம்பத்தெட்டாம் வருடம் புருஷன் வேலப்பனுக்குக் கோடைக்கானலில் ஒரு பங்களாத் தோட்டத்தில் வேலை கிடைத்தபோது, அம்மியையும் நெய்ச்சட்டியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மலையேறினாள்.

எட்டு வயது மகள் சின்னத்தாயியை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். மதியச் சோறு வீட்டிலிருந்துதான் போக வேண்டும். சண்முகவள்ளி விடியுமுன்னே எழுந்து, சோறு வடித்து, பருப்பைப் போட்டு, நெய்யை உருக்கி ஊற்றிப் பிசைந்து, டப்பாவில் அமுக்கிக் கொடுத்தனுப்புவாள். சாயங்காலம் டப்பா போன கனத்திலேயே திரும்பி வரும்.

"ஏன்டி திங்கல?"

"வாய்ல ஒட்டுதும்மா."

"சோறு வாய்ல ஒட்டாம வேற எங்கிட்டு ஒட்டும்? சாக்குச் சொல்லாத."

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் பிள்ளையின் கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது. வாத்தியாரம்மா கூப்பிட்டு, பிள்ளை வகுப்பில் சோர்ந்து சோர்ந்து விழுவதாகச் சொல்லி அனுப்பினார். வேலப்பன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, அண்ணன் சேனாதிபதிக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டான்.

"அரைப்பரீட்சை முடியட்டும். அண்ணன் வந்து கூட்டிட்டுப் போகட்டும். கீழ வெயிலாச்சும் கெடக்கு, நாலு பசுமாடு கெடக்கு. அங்கயே படிக்கட்டும். இந்தக் குளிரு இவளுக்கு ஒத்துக்கல."

சேனாதிபதி நல்ல மனுஷர். பிள்ளை குட்டி இல்லாதவர். சின்னத்தாயி என்றால் உயிரையே விடுவார். மாதம் தவறாமல் அவர் வீட்டு நெய்தான் மலைக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் பாசந்தான் சண்முகவள்ளிக்குப் பெரிய பயமாகப் போயிற்று. பொல்லாத ஆளென்றால் சண்டை போட்டு மகளை வைத்துக்கொள்ளலாம். பாசமாகக் கேட்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது? அங்கே போனால் சின்னத்தாயி நன்றாகத்தான் இருப்பாள், பிறகு அம்மாவைத் தேடவும் மாட்டாள் என்று ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

ஆகவே அவள் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள். சோற்றில் நெய்யைக் கூட்டினாள். ஒரு கரண்டி இரண்டானது, இரண்டு மூன்றானது. டப்பா மட்டும் அப்படியே திரும்பி வந்தது.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. இந்தக் கழுதை சோற்றை என்னதான் செய்கிறது, கையும் களவுமாகப் பிடித்துவிடுவோம் என்று மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கே போய், வேலியோரத் தைலமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. பிள்ளைகள் சுவரோரமாக வரிசையில் உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தார்கள். சின்னத்தாயியும் திறந்தாள். மேலே வெள்ளை வெளேரென்று ஓர் ஏடு. அதைச் சிலேட்டுக் குச்சியால் கீறிக் கீறி எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லீமா எட்டிப் பார்த்தாள். அவள் வாத்தியாரம்மாவின் மகள், கொஞ்சம் வாயாடி. "இன்னைக்கும் மெழுகுதிரிச் சோறா? பேசாம மாதா கோயில்ல கொண்டுபோய் ஏத்தி வச்சிருவோம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். சின்னத்தாயியும் சேர்ந்து சிரித்தாள். மகள் சிரித்த அந்தச் சிரிப்பைத்தான் சண்முகவள்ளியால் பார்க்க முடியவில்லை.

மரத்தை விட்டு வெளியே வந்தாள். மகள் மிரண்டு எழுந்தாள். சண்முகவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவிலிருந்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். நெய் மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது, நாக்கால் தள்ளினாலும் போகவில்லை. சோறு பருக்கை பருக்கையாக விறைத்துக் கிடந்தது. வீட்டிலிருக்கும் நெய்ச்சட்டியில் தினமும் காலையில் கரண்டியால் குத்தித்தான் நெய்யை எடுக்கிறாள். சட்டியில் உறைகிற நெய் டப்பாவில் உறையாதா என்று இத்தனை நாளில் ஒரு தடவையாவது நினைத்தாளா? இல்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, சுடச்சுடத் தின்றுகொண்டிருந்தவளுக்கு அது எங்கே தோன்றும். பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் காதில் வாங்கவில்லை என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சண்முகவள்ளி அழாதவள் இல்லை. ஆனால் அடுப்பு வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் அழுகிறவள். வீட்டுக்குப் போகிற வழியிலேயே அழுது முடித்துவிட்டு, யோசிக்க ஆரம்பித்தாள். கீழே கட்டுச்சோறு என்றால் ஊசிப்போகக் கூடாது, அது ஒன்றுதான் கவலை. இங்கே எதுவும் ஊசாது. விறைத்துத்தான் போகும். அப்படியென்றால் ஆறினபிறகு ருசிக்கிற பண்டத்தைத்தான் கட்ட வேண்டும்.

மறுநாளிலிருந்து அவள் வீட்டு ஜன்னல் கட்டை ஒரு பள்ளிக்கூடமாயிற்று. காலையில் செய்ததில் ஒரு பங்கைத் தட்டு போட்டு மூடி வெளியே வைப்பாள். உச்சிப்பொழுதில் எடுத்துத் தானே தின்று பார்ப்பாள். இட்லி ரப்பராகிப்போனது. தேங்காயெண்ணெயில் வதக்கிய பீன்ஸும் நெய் மாதிரியே உறைந்தது. நல்லெண்ணெய் மட்டும் எந்தக் குளிருக்கும் அசைந்து கொடுக்கவில்லை. கேப்பை மாவில் வெங்காயமும் துருவிய கேரட்டும் போட்டு, நல்லெண்ணெய் விட்டுச் சுட்ட அடை, சூட்டில் இருந்ததைவிட ஆறினபிறகு நன்றாக இருந்தது. கூடவே வேகவைத்த பட்டாணி, பூம்பாறைப் பூண்டும் மிளகாயும் இடித்த பொடி. அவ்வளவுதான். அரிசி களைய வேண்டாம், வடிக்க வேண்டாம், விடிந்தபிறகு எழுந்தாலே போதும்.

வேலப்பனுக்கு அது பிடிக்கவில்லை. "மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கேப்பையா? வேலையில இருக்கவன் பிள்ளைக்கு அரிசிச் சோறு போடக்கூட வக்கில்லன்னு நெனைக்க மாட்டாங்க?"

"நெனைச்சுட்டுப் போறாங்க. அரிசிச் சோறு கொண்டுபோய் என் பிள்ளை எலும்பாத்தான் நிக்கிறா."

"அண்ணன் நாளைக்கு வர்றாரு. ஒரு நாள்ல நீ என்னத்தச் சாதிச்சுருவ?"

சேனாதிபதி மறுநாள் காலை முதல் பஸ்ஸில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் நெய்த்தூக்கோடு வந்து இறங்கினார். கடைசிப் பரீட்சைக்குக் கிளம்பி நின்ற பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். "ஏலே வேலப்பா, கோழிக்குஞ்சு கனங்கூட இல்லையேடா" என்று கண் கலங்கிவிட்டார்.

புருஷனுடைய அண்ணன் எதிரில் நின்று பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சண்முகவள்ளி அன்றைக்கு அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள்.

"பெரிய மச்சான், தப்பு எம்மேலதான். இத்தன நாளா திங்க முடியாத சோத்தக் குடுத்தனுப்பிட்டு, பிள்ளையக் கொறை சொன்னேன். இன்னைக்குத்தான் மொத மொதல்ல ஒழுங்காக் கட்டியிருக்கேன். சாயந்தரம் டப்பாவ நீங்களே தெறந்து பாருங்க. ஒரு வாய் மிச்சமிருந்தாலும் நீங்க கூட்டிட்டுப் போங்க, நான் குறுக்க வரமாட்டேன்."

சொல்லும்போது குரல் கணீரென்றுதான் இருந்தது. பிள்ளை தெருமுனை திரும்பியதும், ஏன் சொன்னோம் என்று அவளுக்கு ஆகிவிட்டது. ஜன்னலில் வைத்துத் தின்று பார்த்தது தான் மட்டும்தானே. எட்டு வயது நாக்கு என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்குப் பகல் நகரவேயில்லை.

சின்னத்தாயி வந்ததும் சேனாதிபதி பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். காலி. அவர் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"நெசத்தச் சொல்லு தாயி. யாருக்குக் குடுத்த?"

"லீமாவுக்கு ஒரு அடை குடுத்தேன் பெரியப்பா."

வேலப்பன் திரும்பி மனைவியைப் பார்த்தான். சண்முகவள்ளி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை தின்னவில்லை, இவ்வளவுதானா என்று நினைத்தாள்.

"மத்ததெல்லாம்?" என்றார் சேனாதிபதி.

"நான்தான் தின்னேன். அவ கேட்டாளேன்னு குடுத்துட்டேன், அப்புறம் எனக்கு இல்லாமப் போச்சு." பிள்ளை அம்மாவைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. "இனிமே கூட ரெண்டு வைம்மா. எனக்குப் பத்தல."

மலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அவள் கேட்காத வார்த்தை அது. காலையில் அவ்வளவு பேசினவள் உள்ளே போய்க் கேப்பை மாவுப் பானையைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தத் தடவை அடுப்பு வேலையை மறந்துவிட்டு அழுதாள்.

வெளியே சேனாதிபதி காலி டப்பாவை மூடிப் பிள்ளை கையில் கொடுத்தார். பிறகு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்.

"வேலப்பா, காலைல வண்டிக்கு என்னைய மட்டும் ஏத்தி விடு."