கூடத்தில் முளைத்த பூண்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் மார்கழியில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட கரையாம்புத்தூரில், தனக்கொடி தன் கொல்லையில் ஊன்றிய பூண்டு, வேலிக்கு அந்தப் பக்கம், அவள் புருஷனின் அண்ணன் சிவப்பிரகாசத்தின் வீட்டு நடுக்கூடத்தில் முளைத்தது. அந்த வருஷம் மழை தாமதமாகத்தான் விட்டது. நெல்லில் புகையான் பூச்சி விழுந்தது, கரும்பு சுமார். பூண்டு மட்டும் நன்றாக வந்தது.

தனக்கொடியின் புருஷன் உலகநாதன் அதற்கு முந்தின ஆடியில் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டு அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள். உலகநாதன் பாகத்துக் கொல்லையில் அவனே ஆள் வைக்காமல் வெட்டிய கிணறும், அதைச் சுற்றி வண்டல் போட்டுப் பண்படுத்திய காய்கறித் தோட்டமும் இருந்தன. கருமாதி அன்று தனக்கொடி உள்ளறையில் முக்காடு போட்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வெளியே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் அழுதுகொண்டிருந்தபோதே கொல்லைப்பக்கம் கிளுவைக் கிளை வெட்டும் சத்தம் கேட்டது. பந்தலுக்கு என்று நினைத்துக்கொண்டாள். சடங்கெல்லாம் முடிந்து வெளியே வந்து பார்த்தால் வேலி இடம் மாறியிருந்தது. கிணறும் தோட்டமும் சிவப்பிரகாசத்தின் பக்கம் போய்விட்டன. அவளுக்கு மிஞ்சியது வெள்ளை பூத்த களர் மண்ணில் ஒரு துண்டு.

ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொன்னாள். அவர்களில் மூத்தவரான வைத்திலிங்கம், "ஒண்டிப் பொம்பளைக்கு எதுக்குமா இம்மாம் எடம்? சிவப்பிரகாசம் உனுக்கு சோறு போடமாட்டானா?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். அதுதான் தனக்கொடிக்கு நெஞ்சில் நெருப்பைக் கொட்டியது. தன் புருஷன் மண்ணில் விளைவதைத் தனக்கே பிச்சையாகப் போடுவதற்கு ஒருவன் வேண்டுமா? அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. கரும்பு வெட்டப் போனாள், களை எடுக்கப் போனாள். வேலியைக் கடக்கும்போதெல்லாம் அதன் பக்கம் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

மகள் கஸ்தூரிக்குப் பங்குனியில் தலைப்பிரசவம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பூண்டு கொடுக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமையிலிருந்து வரும் பூண்டு கடையில் யானை விலை விற்றது. உலகநாதன் காய்ச்சலில் படுப்பதற்கு முன் கடலூர்ச் சந்தையில் வாங்கி வந்த ஒரு கொத்து மலைப்பூண்டு அடுப்பங்கரை உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சமைக்க மனம் வராமல் வைத்திருந்தாள். மழை விட்டதும் களரைக் கொத்தி, எருவும் அடுப்புச் சாம்பலும் போட்டுப் பாத்தி கட்டினாள். பூண்டைப் பல் பல்லாகப் பிரித்து, முனை மேலே பார்க்க, விரல் ஆழத்தில், சாணுக்கு ஒன்றாக ஊன்றினாள். கிணறு இல்லாததால் குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். சமவெளியில் பூண்டு தழையோடு நின்றுவிடும், காய் இறங்காது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாத்தியில் ஒன்றும் முளைக்கவில்லை. கிளறிப் பார்த்தாள். ஊன்றிய பல் ஒன்றுகூட மண்ணில் இல்லை. எலி தின்றிருந்தால் தோலாவது கிடக்கும். அதுவும் இல்லை. அவள் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அடுத்த வீட்டிலிருந்து சிவப்பிரகாசத்தின் பெண்சாதி கனகாம்பாள் வீறிட்டது கேட்டது. அங்கே கூடத்துச் சதுரக்கற்களைப் பிளந்துகொண்டு பச்சைக் குருத்துகள் வந்திருந்தன. ஊஞ்சலுக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, நெல் குதிர் ஓரம் என்று வரிசை பிசகாமல், சாணுக்கு ஒன்றாக.

சிவப்பிரகாசம் வேலியோரம் வந்து நின்று கத்தினார். "இன்னாடி வெச்ச என் வூட்ல? யாரு கைல கேட்டு செஞ்ச?"

"நானா வெச்சேன்? நான் என் பாத்தில ஊனனேன். அது உங்க வூட்டுக்கு வந்துச்சுன்னா அதைத்தான் கேக்கணும் மாமா."

அவர் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார். தழைதான் கையோடு வந்தது. பொழுது சாய்வதற்குள் மறுபடி முளைத்து, காலையைவிடத் தடிப்பாக நின்றது. கொத்தனாரை வைத்துக் கல்லைப் பெயர்த்துச் சுண்ணாம்பும் கடுக்காயும் போட்டுத் தரையை இறுக்கினார். சுண்ணாம்பு காய்வதற்கு முன்பே பூண்டு வெளியே வந்துவிட்டது. வீடு முழுக்க வாசம். துவைத்த வேட்டியில் பூண்டு வாசம், பாலில் பூண்டு வாசம். கடைசியில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவரை வரவழைத்தார். அவர் கூடத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, என்ன குற்றம் என்று எழுதுவது என்று கேட்டார். சிவப்பிரகாசத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற தனக்கொடிக்குத் தெரிந்திருந்தது. "எழுதிக்கோங்க சார். என் பூண்டை எட்த்து வூட்ல வெச்சிக்கினு குடுக்கமாட்டேங்கறாரு." போலீஸ்காரர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

திரௌபதியம்மன் கோயில் வாசலில் பெரியவர்கள் கூடினார்கள். பூண்டு எப்படி அங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. யாருக்குச் சேரவேண்டும் என்பதுதான் பேச்சு. வைத்திலிங்கம் யோசித்துச் சொன்னார்: மண் யாருடையதோ விளைச்சல் அவருடையது. கூடம் சிவப்பிரகாசத்தினுடையது, ஆகவே பூண்டும் அவருடையது.

பெண்கள் ஓரமாக நிற்கவேண்டிய இடத்திலிருந்து தனக்கொடி நடுவே வந்து நின்றாள். "நல்லா இருக்குது உங்க நாயம். மண்ணுக்காரருக்குத்தான் வெளைச்சல்னா, என் வூட்டுக்காரரு தோண்டன கெணத்துத் தண்ணி யாருக்கு? வேலி நவுந்தப்ப இந்த நாயம் எங்க போச்சு? தூங்கிக்கினு இருந்துச்சா?" ஒருவர் மேல்துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். கூட்டம் கலைந்தது.

தன் பக்கம் தீர்ப்பானதும் சிவப்பிரகாசத்துக்குப் பூண்டின் மேல் ஆசை வந்துவிட்டது. கட்டில்களை ஒதுக்கச் சொல்லி, கிணற்றிலிருந்து இறைத்து, கூடத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பங்குனி பிறந்து தழை பழுத்துச் சாய்ந்தது. தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, ஒரு நல்ல நாள் பார்த்துப் பிடுங்க உட்கார்ந்தார். ஒன்றுகூட வரவில்லை. ஆள்காரர்கள் இழுத்தார்கள், வரவில்லை. கடப்பாரை போட்டு நெம்பியபோது பூண்டு அசையவில்லை. சுவர்தான் தரையிலிருந்து உத்தரம்வரைக்கும் விரிசல் விட்டது. இன்னொரு நெம்பு நெம்பினால் வீடு வந்துவிடும் என்று ஆள்காரர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு வெளியே நின்றுகொண்டார்கள்.

அதே வாரம் கஸ்தூரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பால் இறங்கவில்லை. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்து ஓய்ந்து, பிறகு அழவும் தெம்பில்லாமல் கிடந்தது. சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து வைத்தார்கள். கஸ்தூரி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். தனக்கொடி எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொல்லை வழியாக அல்ல, தெரு வழியாக, தாலியறுத்த நாளிலிருந்து மிதிக்காத அந்த வாசலில் ஏறினாள்.

சிவப்பிரகாசம் நிலைக்கு நடுவே கையை விரித்து நின்றார். "இது என் வூடு."

"உங்க வூட்டை யாரு கேட்டா? என் பூண்டு. கொழந்த சாவக் கெடக்குது. தள்ளுங்க."

அவர் தள்ளவில்லை. ஆனால் அவருடைய கைக்குக் கீழே குனிந்து அவள் உள்ளே போனபோது தடுக்கவும் இல்லை. கூடத்தில் குந்தி முதல் தழையைப் பிடித்து இழுத்தாள். மாவிலிருந்து விரலை எடுப்பதுபோல் வந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் காய் இறங்கியிருந்தது. அடுத்ததும் வந்தது. மடி நிறைந்ததும் கனகாம்பாள் உள்ளேயிருந்து முறத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். புருஷன் பக்கம் திரும்பாமல், "அந்த மூலைல ரெண்டு கெடக்குது பாரு தனக்கொடி," என்றாள். அன்று பூண்டைச் சுட்டு, பாலில் வேகவைத்துப் பனைவெல்லம் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் விடிந்தபோது கஸ்தூரியின் ரவிக்கை நனைந்திருந்தது.

அடுத்த மார்கழியில் தனக்கொடி களரில் ஊன்றிய பூண்டும் கூடத்தில்தான் முளைத்தது. அதற்கடுத்ததிலும். சிவப்பிரகாசம் சுவருக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தார், பூசாரியை அழைத்துப் பார்த்தார். கூடத்தில் படுக்க முடியாமல் மாட்டுக்கொட்டகை ஓரம் கட்டில் போட்டுக்கொண்டார். இருமல் வந்தது. ஒரு தையில் தானே கிளுவை வேலியைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டுவிட்டு, கிணற்றங்கரையில் நின்று, "எட்த்துக்கோ. இத்தோட உட்டுடு," என்றார். பெருந்தன்மையான மனுஷன் என்று வைத்திலிங்கம் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது தனக்கொடியின் காதுக்கு வந்தபோது, வேலி போனபோது வந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நேரே போய் வைத்திலிங்கத்தின் எதிரே நின்று, "என்னுதை எனக்குக் குடுத்தா அது பெருந்தன்மையா? அப்ப இத்தினி வருசம் வெச்சிக்கினு இருந்ததுக்கு இன்னா பேரு?" என்று கேட்டுவிட்டு வந்தாள். பிறகு கிணற்றடி வண்டலில் பாத்தி கட்டிப் பூண்டு ஊன்றினாள். கத்தரியும் மிளகாயும் ஊன்றிய இடத்திலேயே வந்தன. பூண்டு கூடத்துக்குப் போய்விட்டது. சிவப்பிரகாசம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினார். தனக்கொடி கேட்காமல் உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றினாள், களை எடுத்தாள்.

உலகச் சண்டை வந்து, பிரான்சு தேசம் ஜெர்மன்காரன் கையில் விழுந்த சேதி ஊருக்கு எட்டியதற்கு மறு வருஷம் தையில், சிவப்பிரகாசத்தின் மகன் சம்மந்தத்துக்குக் கலியாணம் நடந்தது. பெண் நெட்டப்பாக்கத்தாள், பெயர் அம்சவள்ளி. கூடத்தில் பூண்டு முழங்கால் உயரம் நின்றது. மேளத்தோடு பெண்ணை வாசலுக்கு அழைத்து வந்து, வலது காலை எடுத்து வைத்து வரச்சொன்னபோது, எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் தூக்கிய காலோடு நின்றாள். சுமங்கலிகள் ஆரத்தித் தட்டோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரிந்தவள் ஒருத்திதான். சமையல்கட்டில் இருந்த தனக்கொடியைக் கனகாம்பாள் கூப்பிட்டாள். வெள்ளைப் புடவையோடு அவள் நிலைப்படிக்கு வந்து, எல்லோருக்கும் முன்னால், பெண்ணுக்கு எதிரே நின்றாள். ஒதுங்கச் சொல்லி ஒரு குரலும் வரவில்லை.

"இப்டி ரெண்டு வரிசைக்கு நடுவுல வெய்யிமா. தழைய மிதிச்சிடாத," என்றாள்.

அம்சவள்ளி புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, சொன்ன இடத்தில் காலை வைத்து உள்ளே வந்தாள்.